வாத்து காலடியில் ஒரு வட்டம்

ரெண்டு போனு வெச்சிருக்கீங்களே தம்பி, ஒன்னு ஆபீசுதுங்களா? அப்பவே நெனச்சேன். அந்தப் போன எடுத்தா ஒரு கொரலு, இந்தப் போன எடுத்தா ஒரு கொரலு. கம்ப்யூட்டர் கம்பெனின்னு பாத்தாலே தெரியுதுங்க. நல்லதாப் போச்சு. ரயிலு மெட்ராஸ் போய்ச் சேர இன்னும் நேரங்கெடக்குது, எனக்கு நீங்க ஒரு நாயம் சொல்லுங்க.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி. பனியன் கம்பெனின்னு சொல்லி வாய் பழகிப்போச்சு, தைக்கறதெல்லாம் கொழந்தைங்க துணி. வெளிநாட்டுக்குப் போறது. கட்டிங் டேபிள்ல கத்தி புடிச்சு நின்னவன் நான், இன்னைக்கு என்ற கம்பெனில எல்லா லைட்டும் எரியுதுன்னா அது எவ்வளவு பேரு வீட்டு அடுப்புன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

சோலியெல்லாம் இப்ப போன்லதாங்க. அந்தக் காலத்துல டிசைன் பேப்பர்ல வரும், பீரோல வெச்சுப் பூட்டுவோம், சாவி என்ற இடுப்புல. இப்ப வெளிநாட்டுக்காரன் அங்க படம் வரைஞ்சு அனுப்பிச்சுடறான், அது ஆபீசுக்கு வருது, அங்கிருந்து பிரிண்டிங்காரனுக்குப் போகுது, தையல் சூப்பர்வைசருக்குப் போகுது, பட்டன் கடைக்காரனுக்குப் போகுது. எல்லாம் அவங்கவங்க சொந்தப் போன். மத்தியானம் சோத்துக்குப் போறப்ப டிசைனும் கூடவே வீட்டுக்குப் போகுது. பஸ்ல போகுது. சினிமாவுக்குப் போகுது.

இது எங்களுக்கு ஆர்டர் குடுக்கற பார்ட்டிக்குப் புடிக்கல. டென்மார்க்குப் பக்கம் ஒரு கம்பெனிங்க, கொழந்தைத் துணில பெரிய ஆளுக. அவங்களுக்குப் பெங்களூர்ல ஒரு அம்மா, பெரைரா மேடம். அவங்க ஒரு நாள் கூப்பிட்டு, “மிஸ்டர் நாச்சிமுத்து, எங்க டிசைன் பேப்பரெல்லாம் உங்க ஆளுங்க போன்ல பாதுகாப்பில்லாமக் கெடக்குது, அதுக்கு ஏற்பாடு பண்ணுங்க, இல்லீன்னா அடுத்த சீசன் ஆர்டர் யோசிக்கணும்”னுட்டாங்க.

தம்பி, நான் ஒரு வேலையக் கையில எடுத்தா அரைகொறையாச் செய்ய மாட்டேன். அது என்ற சுபாவம். கோயமுத்தூர்ல இருந்து ஃபெலிக்ஸ்னு ஒரு பையனக் கூட்டியாந்தேன். உங்களை மாதிரி கம்ப்யூட்டர் படிச்ச பையன். அவன் போன்ல போடறதுக்கு ஒரு பூட்டு கொண்டு வந்தான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். போனுக்குள்ளயே கம்பெனிக்குன்னு தனியா ஒரு அறை தடுத்த மாதிரிங்க. டிசைன் அந்த அறைக்குள்ளதான் தொறக்கும். படம் புடிக்க முடியாது, வேற ஆளுக்கு அனுப்ப முடியாது. போன் தொலஞ்சுபோச்சுன்னா ஆபீசுல உக்காந்துக்கிட்டே அந்த அறைய அழிச்சுடலாம். மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். கேட்டதும் எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

எல்லாரையும் ஒட்டுக்காக் கூப்பிட்டு மீட்டிங் போட்டேன். நானே பேசினேன். “டிசைனுங்கறது நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி, தெருவுல விட்டுட்டு நிக்கக் கூடாது”ன்னேன். நல்லாக் கையத் தட்டினாங்க. ஃபெலிக்ஸ் ஒவ்வொரு போனா வாங்கிப் பூட்டுப் போட்டான். ஒரு புள்ள மட்டும் போனக் குடுக்கல.

இளவரசின்னு பேருங்க. தாராபுரத்துப் புள்ள. நம்மகிட்ட மெர்ச்சண்டைசர், அதாவது பார்ட்டிகிட்டப் பேசி, டிசைன வாங்கி, துணி பொட்டில ஏறற வரைக்கும் பாக்கறவ. வேலைல கெட்டி. அதுல நான் கொற சொல்ல மாட்டேன். ஆனா கேள்வி கேப்பா தம்பி. எனக்கு அதுதான்.

“சார், இது என் சொந்தப் போனுங்க. எங்க வீட்டு விசயமெல்லாம் இதுலதான் இருக்குது. இந்தப் பூட்டு எதைப் பாக்கும், எதைப் பாக்காதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

ஃபெலிக்சப் பாத்தேன். அவன் கழுத்தச் சொறியறான். “இப்போதைக்கு அறைய மட்டும்தான் பாக்கும்ங்க”ன்னான்.

“இப்போதைக்குன்னா?”

பாத்தீங்களா, அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டா. “கம்பெனி வேலைக்குக் கம்பெனி போன் குடுத்துருங்க சார். அதுல எத்தன பூட்டு வேணாப் போடுங்க, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.”

“ஏம்மா, இத்தன பேருக்கும் போன் வாங்கிக் குடுக்க நானென்ன போன் கடையா வெச்சிருக்கேன்?”

எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கல. போனப் பையில வெச்சுக்கிட்டே கேட்டா, “உங்க போன்ல போட்டாச்சுங்களா சார்?”

என்ன கேள்வி பாருங்க. கம்பெனி என்றது. டிசைன் வந்தா மொதல்ல பாக்கறது நான். என்ற வீட்டுக்கு நானே பூட்டுப் போட்டுக்கிட்டு வெளிய நிக்கறதா? “மொதலாளி போனுக்கு எதுக்கும்மா பூட்டு”ன்னேன். அவ அன்னைக்கிருந்து டிசைன ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் பாத்தா. போன்ல கம்பெனி மெயில் மட்டும் இருந்துச்சு, அது வேலைக்குச் சேந்தப்பவே போட்டுக் குடுத்தது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, ஆனாப் பொறுத்துக்கிட்டேன். பொறுமை நமக்குக் கொஞ்சம் எச்சாவே உண்டு.

அந்த சீசன்ல வந்துச்சுங்க ஒரு வாத்து. மஞ்ச வாத்து. மழைக்கோட்டுப் போட்டுக்கிட்டு, தலைல ஒரு தொப்பி, ஒரு காலத் தூக்கிக்கிட்டு நிக்கும். கவுனு முன்னால அந்த வாத்து, பாக்கெட்டுல அதும் குஞ்சு எட்டிப் பாக்கும். இத்தன வருசத்துல எத்தனையோ மொசலு, கரடி, யானை பாத்துட்டேன். இந்த வாத்து மாதிரி ஒன்னு பாக்கல. பேப்பர்ல பிரிண்டு எடுத்து என்ற மேசைலயே வெச்சுக்கிட்டேன். வந்தவங்ககிட்டயெல்லாம் காட்டினேன். காட்டறதுல என்னங்க, நல்லது ஒன்னு கையில இருந்தா மனுசன் காட்டத்தான செய்வான்.

கவுனு இன்னும் கப்பலே ஏறல. ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் இளவரசி அவ புள்ளைக்குத் துணி எடுக்க ஸ்டேசன் பக்கத்து பஜாருக்குப் போயிருக்கறா. அங்க கடைல வரிசையாத் தொங்குதாம் நம்ம வாத்து. மழைக்கோட்டு, தொப்பி, தூக்கின காலு, எல்லாம். துணிதான் மட்டமான துணி.

அவ என்ன பண்ணியிருக்கோணும்? வாயத் தொறக்காமப் பொட்டாட்ட இருந்திருக்கலாம். மறுநா காலைல ஒரு கவுன வாங்கிக் கொண்டாந்து என்ற மேசை மேல வெச்சா. “சார், நம்ம டிசைன் வெளிய போயிருச்சுங்க. பார்ட்டிக்கு அவங்களாத் தெரியறதுக்கு முன்னால நாமளே சொல்லிடலாம்”னா.

எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது மிசினுங்கதான் தம்பி. ஆர்டர் போனா அத்தன மிசினும் நிக்கும். அந்த நேரத்துல மனுசனுக்கு என்ன தோணும், நீங்களே சொல்லுங்க. எல்லாப் போன்லயும் பூட்டு இருக்குது, ஒரு போன்ல இல்ல. பூட்டு இல்லாத போன்காரியே துணியக் கொண்டாந்து நீட்டறா. ரெண்டையும் சேத்துப் பாத்தேன், அவ்வளவுதான். அதுல என்ன தப்பு? யாரா இருந்தாலும் சேத்துத்தான் பாப்பாங்க.

“பூட்டு வேண்டாம்னப்பவே எனக்குத் தெரியும்”னேன்.

அவளுக்கு மொதல்ல வெளங்கவே இல்ல. அப்புறம் வெளங்குச்சு. “சார், நான் போன்ல ஒரு டிசைன் கூட வெச்சுக்கறதில்லீங்க. பாக்கறீங்களா?”ன்னு போன நீட்டினா. மொதல்ல பூட்டுப் போடக் குடுக்காத போனு, இப்ப நீட்டறா. நான் வாங்கல. “விசாரிச்சு முடியற வரைக்கும் வர வேண்டாம்மா”ன்னு சொல்லிப்போட்டேன். அவ சோத்து டப்பாவ எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அவ போன்ல கம்பெனி மெயில் இருக்குதுங்களே. அதை அப்படியே விட முடியுங்களா? ஃபெலிக்சக் கூப்பிட்டு அழிச்சுடுன்னேன்.

“சார், அவங்க போன்ல அறை பிரிக்கலீங்க. மெயிலுக்குன்னு போட்ட பழைய ஏற்பாடுதான். அழிச்சா போன்ல இருக்கறதெல்லாம் போயிரும். அவங்க சொந்த விசயமும் சேத்து.”

“பூட்டுப் போட்டிருந்தா அது மட்டும் போயிருக்கும்ல? யாரு வேண்டாம்னாங்க?”

அவன் யோசிச்சான். நான் “அழி”ன்னேன். அழிச்சான்.

இதுல ஒரு விசயம் எனக்கு அப்பத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தாலும்... செரி, விடுங்க. அவளுக்கு ஒரு பொண்ணு, தேன்மொழின்னு பேரு. பேருதான் தேன்மொழி, புள்ளைக்குப் பேச்சு வரல. பேச வேண்டிய வயசுல வரல. கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயி பேச்சுப் பயிற்சி குடுத்திருக்கறாங்க. அந்தப் புள்ள ஒவ்வொரு வார்த்தையா பேசப் பேச இவ போன்ல படம் புடிச்சு வெச்சிருக்கறா. இன்னைக்கு ‘தண்ணி’, அடுத்த மாசம் ‘பூனை’, அப்படி. பயிற்சி குடுக்கற அம்மாகிட்ட நேர்ல காட்டறதுக்கு. வேற யாருக்கும் அனுப்ப மாட்டாளாம், புள்ளையப் பத்தி நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கன்னு. போனுக்கு வெளிய காப்பி ஏத்தி வெக்கறதையும் அங்க எடம் பத்தலைன்னு நிறுத்தியிருந்தாளாம். எல்லாம் போயிருச்சு.

என்ற சம்சாரம் வசந்தாமணிதான் வந்து சொன்னா. அவ நம்ம கம்பெனில செக்கிங் பாத்துக்கறா, பொம்பளைங்க சேதியெல்லாம் அவளுக்குத்தான் மொதல்ல வரும். “இளவரசி மூனு நாளா எந்திரிக்கலியாம்”னா. “படம்தான வசந்தாமணி, புள்ளதான் இப்ப நல்லாப் பேசுதே, மறுக்கா எடுத்துக்க வேண்டியதுதான”ன்னேன். நாயமாத்தான சொன்னேன்? அவ என்னைய ஒரு பார்வை பாத்தா பாருங்க. அன்னைக்கு ராத்திரி சோத்துல உப்பே இல்ல.

அடுத்த வாரம் பெரைரா மேடம் வந்தாங்க. சேதி அவங்களுக்குப் போயிருச்சு. கூட யாருமில்ல, கையில ஒரு பை. வந்து உக்காந்து பஜார்க் கவுன மேசைல விரிச்சாங்க. பக்கத்துல அவங்க டிசைன் பேப்பர். ரெண்டையும் மாத்தி மாத்திப் பாக்கறாங்க. நான் டீ சொன்னேன். வந்துச்சு. இளவரசியப் பத்தி, பூட்டப் பத்தி, நான் எடுத்த நடவடிக்கையப் பத்தி எல்லாம் விவரமாச் சொன்னேன்.

“மிஸ்டர் நாச்சிமுத்து, இது என்ன?”ன்னாங்க. வெரல வெச்சுக் காட்டறாங்க. பஜார்க் கவுன்ல, வாத்து நிக்கற எடத்துல, காலுக்குக் கீழ ஒரு வட்டம். காப்பிக் கலர்ல. “எங்க டிசைன்ல இந்த வட்டம் இல்லையே.”

“சேறுங்க”ன்னேன் நான். “மழைக்கோட்டுப் போட்ட வாத்துங்களே, சேத்துல நிக்குது. பஜார்க்காரன் சொந்தமாச் சேத்திருப்பான்.”

அந்த நேரம் பாத்து வசந்தாமணி உள்ள வர்றா, கையில செக்கிங் சீட்டோட. கவுனப் பாத்துப்போட்டு என்ன சொல்றாங்கறீங்க? “ஏனுங்க, இது நீங்க நம்ம சொந்தக்காரங்க குரூப்புல போட்ட வாத்தாச்சே. அந்த போட்டோவுல உங்க டீ கெளாசு வட்டம் கூட இப்படித்தான இருந்துச்சு. எங்க சின்னம்மா கூட, வாத்து குட்டைல நிக்கறது அழகா இருக்குதுன்னு போட்டிருந்தாங்களே.”

நான் குனிஞ்சு மேசையப் பாத்தேன். என்ற பிரிண்டுப் பேப்பரு. அது மேல டீ கெளாசு. பெரைரா மேடம் கெளாச எடுத்து அக்கட்டால வெச்சாங்க. கீழ ஒரு வட்டம். அதும் பக்கத்துல காஞ்சுபோன பழைய வட்டம், சரியா வாத்து காலடில.

நான் மறைக்கல தம்பி. மறைக்கறதுக்கு என்ன இருக்குது? போட்டேன்தான். “அடுத்த வருசம் நம்ம சொந்தத்துல பொறக்கற கொழந்தைக்கெல்லாம் நம்ம கம்பெனி வாத்து”ன்னு எழுதிப் போட்டேன். அது சந்தோசத்துல போட்டது. இந்தப் புள்ளைங்க போன்ல இருந்து போறது வேற, நான் போடறது வேற. அது திருட்டு, இது சந்தோசம். மேடத்துகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். “குடும்பத்துக்குள்ளதாங்க”ன்னேன்.

“குடும்பத்துல எத்தன பேரு?”

“அதை எண்ணிப் பாக்கலீங்க. கொங்கு நாட்டுல சொந்தம்னா எண்ண முடியாதுங்க.”

“அதுல துணி தைக்கறவங்க யாராச்சும் இருக்காங்களா?”

திருப்பூர்ல வந்து கேக்கற கேள்வியாங்க இது? பாதிப்பேரு துணி தைக்கறவங்கதான். அதுல ஒரு மாப்பிள்ளை பஜாருக்குத் தச்சுப் போடறாரு. அவரு கெட்டவரில்ல. படம் நல்லாருக்குதேன்னு அடிச்சுப்போட்டாரு. வட்டத்தையும் சேத்து அடிச்சதுதான் தப்பு.

பெரைரா மேடம் சத்தம் போடல. போட்டிருந்தாத் தேவலாம். கேட்டாங்க, “உங்க ஆளுங்க எல்லார் போனுக்கும் பூட்டுப் போட்டீங்க. இந்தப் பூட்டப் பத்திக் கேள்வி கேட்டது யாராச்சும் உண்டா?”

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள வசந்தாமணி சொல்லிட்டா, “ஒருத்தி கேட்டாளுங்க. அவள வீட்டுக்கு அனுப்பிச்சாச்சு.”

மேடம் எந்திரிச்சுட்டாங்க. “அவங்க பொறுப்புல இந்த ஏற்பாடு இருந்தா அடுத்த டிசைன் வரும். இல்லீன்னா வராது”ன்னுட்டு, கவுன மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. டீயக் கூடக் குடிக்கல.

அப்புறம் என்ன, நானே போனேன். மொதலாளிங்கற கெவுரவமெல்லாம் பாக்கல. வேற எவனாச்சும் போயிருப்பானா, சொல்லுங்க. வசந்தாமணியும் வந்தா, ஒரு கூடைப் பழத்தோட. காங்கயம் ரோட்டுல லைன் வீடு. கதவத் தொறந்தது அந்தப் புள்ள தேன்மொழிதான். “யாரு வேணும்?”னுச்சு. தெளிவாக் கேக்குது. “அம்மா கம்பெனிக்காரரு வந்திருக்காருன்னு சொல்லு கண்ணு”ன்னேன். அது உள்ள திரும்பி, “அம்மா, போன அழிச்சவங்க வந்திருக்காங்க”ன்னுச்சு.

கொழந்தைக்குத் தெரியாதில்லீங்க, யாரு என்னன்னு.

இளவரசி வந்து நின்னா. உக்காருங்கன்னு சொன்னா, மரியாதையெல்லாம் கொறைக்கல. நான் விசயத்தச் சொன்னேன். யாரு மேல தப்புன்னு இப்பப் பேசி என்ன ஆகப்போகுது, நடந்தது நடந்துபோச்சு, நாளைக்கு வந்துரும்மான்னேன். அவ என்ற மொகத்தப் பாக்கல. வசந்தாமணியப் பாத்துத்தான் பேசினா.

“வர்றேங்க அக்கா. ஆனா டிசைன் பாக்கற எல்லாருக்கும் கம்பெனி போன் வேணும். சொந்தப் போன்ல கம்பெனி பூட்டு ஒன்னு கூட இருக்கக் கூடாது. ஒரு போன அழிக்கோணும்னா அந்தப் போன்காரங்கள வெச்சுக்கிட்டுத்தான் அழிக்கோணும். அப்புறம் சார் போன்ல டிசைன் வரக்கூடாது. சாருக்கும் கம்பெனி போன்தான். பூட்டு என் கையில.”

எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. வசந்தாமணி என்ற தொடை மேல கைய வெச்சு அமுக்கினா. “செரிம்மா”ன்னேன். பெருந்தன்மையா ஒத்துக்கிட்டேன்.

கெளம்பறப்ப வசந்தாமணி ஒன்னு கேட்டா. “ஏங்கண்ணு, ஆயுதபூசையப்ப எனக்கு ஒன்னு அனுப்புனியே, பஸ்ஸு படம். அதுவும் போயிருச்சா?”

அது என்னன்னாங்க, புள்ள மொதமொதலா ரெண்டு வார்த்தையச் சேத்துப் பேசினது. பஸ் ஸ்டாப்புல நிக்கறாங்க, பஸ்ஸு நிக்காமப் போகுது, புள்ள கைய நீட்டி “பஸ்ஸு போச்சு”ங்குது. இளவரசி அதை வசந்தாமணிக்கு மட்டும் அனுப்பியிருக்கறா. யாருக்கும் அனுப்பாதீங்க அக்கான்னு சொல்லித்தான் அனுப்பியிருக்கறா.

“உங்ககிட்ட இருக்குங்களா?” இளவரசி கொரலே மாறிப்போச்சு.

வசந்தாமணி போனு அதுக்கப்புறம் தண்ணித் தொட்டில விழுந்து, இப்ப இருக்கறது புதுசு. அதுல இல்ல. ஆனா இவ யாரு சம்சாரம்? “நான் அன்னைக்கே நம்ம சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டேன் கண்ணு. கோவிச்சுக்காத”ன்னா மெதுவா.

பல்லடத்துல எங்க பங்காளி ஒருத்தரு இருக்கறாரு, சாமியப்பன்னு. காலை வணக்கம்னு வர்ற ரோசாப்பூவக் கூட அழிக்க மாட்டாரு. அங்கயே, அந்த வீட்டு வாசல்லயே நின்னு அவருக்குப் போன் போட்டேன். அவரு கண்ணாடியத் தேடி, போனத் தேடி, பேரனக் கூப்பிட்டு, ஒரு வழியா வந்துச்சு. “பஸ்ஸு போச்சு.” அதுக்குக் கீழ நம்ம சொந்தக்காரங்க எழுதினதெல்லாம் சேத்து அனுப்பிச்சுட்டாரு. ‘அழுவாத கண்ணு, அடுத்த பஸ்ஸு வரும்.’ ‘கண்டக்டர் யாருன்னு சொல்லு, நான் பேசிக்கறேன்.’ ஒருத்தரு கூட புள்ளைக்குப் பேச்சு வரலையான்னு கேக்கலீங்க. எல்லாரும் பஸ்ஸத்தான் திட்டியிருந்தாங்க.

இளவரசி அதைப் பாத்தா. மறுக்காப் பாத்தா. வசந்தாமணி தோள்ல சாஞ்சுக்கிட்டா. சிரிக்கறாளா அழுகறாளான்னே எனக்குத் தெரியல. நான் சொன்னேன், “பாத்தியாம்மா, குரூப்புல போட்டா இப்படி நல்லதும் நடக்கும்.” வசந்தாமணி என்னையப் புடிச்சு வெளிய இழுத்துக்கிட்டு வந்துட்டா.

அதுதான் எனக்குக் கொறைங்க தம்பி. இதுக்குத்தான் உங்ககிட்ட நாயம் கேக்கறது. அழிஞ்சுபோன படத்தத் தேடிக் குடுத்தோம், போன் குடுத்தோம், வேலைக்கு மேல பொறுப்பும் குடுத்தோம், இன்னைக்கு வரைக்கும் அவ வாய்ல இருந்து ஒரு தேங்ஸ் வரல. வேலையெல்லாம் பிரமாதமாப் பாக்கறா. ஆர்டரு கைய விட்டுப் போகல. வாத்து கப்பலேறிப் போச்சு. பெரைரா மேடம் மத்த கம்பெனிக்காரங்களக் கூட இவகிட்ட வந்து பாத்துக் கத்துக்கச் சொல்றாங்க. நான் ஒரு டிசைனப் பாக்கோணும்னா “இளவரசி, கொஞ்சம் தொறந்து விடும்மா”ன்னு கேக்க வேண்டியிருக்குது. தொறந்து விடறா. பாத்து முடிச்சதும் “முடிச்சாச்சுங்களா சார்”னு கேட்டு மூடிடறா. என்ற டேபிள்ல இப்ப டீ கெளாசு வெக்கறதுக்கு ஒரு பலகை வேற போட்டு வெச்சிருக்கறா.

சொந்தக்காரங்க பக்கம் வேற மாதிரி. குரூப்புல நான் எதுவும் போடறதில்லைன்னு எல்லாருக்கும் வருத்தம். நாச்சிமுத்துக்கு மண்டைக்கனம் வந்துருச்சுன்னு பேசிக்கறாங்களாம்.

போன வாரம் அந்தப் புள்ள படிக்கற ஸ்கூல்ல ஆண்டு விழாங்க. நாம ஸ்கூலுக்கு டி-சர்ட் தச்சுக் குடுத்தோம், அதனால என்னையக் கூப்பிட்டிருந்தாங்க. முன் வரிசைல நாற்காலி. பக்கத்துல இளவரசி. மேடைல ஒரு புள்ள வந்து மைக்குப் புடிச்சு நிக்குது. பாத்தா, தேன்மொழி. வரவேற்புச் சொல்றதே அதுதான். “வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்”னுச்சு. ஒரு எழுத்து உடையல. ஒவ்வொருத்தர் பேராச் சொல்லிக்கிட்டே வருது. என்ற பேரு வந்தப்ப நின்னுபோச்சு. “நாச்...”ங்குது. மறுக்கா “நாச்...”ங்குது. பக்கத்துல இளவரசி நாற்காலி விளிம்பப் புடிச்சிருக்கறா. எனக்குத் தம்பி, ஏன் எங்கப்பன் எனக்கு இவ்வளவு நீளமாப் பேரு வெச்சான்னு இருந்துச்சு.

“நாச்சி... முத்து... ஐயா அவர்களே”ன்னு சொல்லி முடிச்சுச்சு. சொல்லிப்போட்டு என்னையப் பாத்து ஒரு சிரிப்பு.

நான் போன எடுத்துப் புடிச்சிருந்தேன். சொந்தப் போனுங்க, கம்பெனி போனில்ல. மொத வணக்கத்துல இருந்து முழுசும் அதுல ஏறியிருக்குது. என்ற பேர மேடைல மைக்குல சொன்னது. இதை நம்ம குரூப்புல போட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இளவரசி திரும்பிப் பாத்தா. போன வாங்கி அழிச்சுருவாளோன்னு நெனச்சேன். அவளுக்கு அந்த உரிமை இருக்குதுன்னு கூட வெச்சுக்குங்க.

“எடுத்துக்குங்க சார்”னா. “ஆனா யாருக்கும் அனுப்பிறாதீங்க.”

இந்தா, இதுலதான் இருக்குது. இதுல பூட்டும் இல்ல, ஃபெலிக்சும் இல்ல, ஒரு வெரல அமுக்கினாப் போயிரும். ஒரு வாரமாச்சு, போகல. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலீங்க. நீங்க இப்பக் காட்டச் சொன்னாலும் காட்ட மாட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க. வசந்தாமணியே ஒரு தரம் அனுப்பி விடுங்கன்னு கேட்டுப் பாத்துட்டா. அந்தப் புள்ள ஸ்கூல் விட்டதும் தெனம் நம்ம கம்பெனிப் பக்கமாத்தான் வருது, நீயே போயி அதை உன்ற பேரச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கன்னு சொல்லிப்போட்டேன்.